சிவகாசி விசுவநாததாசின் இளமையும் ஸ்பெஷல் நாடக வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

சிவகாசியில் 1886-இல் பிறந்து 1940-இல் சென்னை நாடக மேடையிலேயே மறைந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ் தேசிய இயக்க வரலாற்றில் தியாகியாக நிலைபெற்றவர். இக்கட்டுரை அவரை ஸ்பெஷல் நாடகம் என்னும் தொழில்முறைக்குள் வைத்து நோக்குகிறது. அம்முறை அவருக்கு அளித்த மேடை விடுதலையும், அவர்மீது விழுந்த சாதி விலக்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: விசுவநாததாஸ், ஸ்பெஷல் நாடகம், வள்ளி திருமணம், நாடகத் தடைச் சட்டம், சாதியும் மேடையும்.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகள் தமிழ் நாடக மேடையில் இளம் பாடக நடிகர்களின் காலம். மீசை முளைக்காத பருவத்திலேயே ஊர் ஊராகக் கூட்டம் திரட்டியவர்கள் இக்காலத்தில் பலர். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா அவர்களுள் தலையாயவர். பதின்பருவத்திலேயே கன்னையா கம்பெனியின் புகழுக்குக் காரணமான அவர் 1933-இல் 27 வயதில் மறைந்தார். ரசிகர்கள் ஒரு நடிகரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவும் அதேவேளையில் தெய்வமாகவும் கொண்டாடும் பழக்கம் திரைப்படத்துக்கு முன்னரே இம்மேடையில் உருவாகிவிட்டது.

கிட்டப்பாவுக்கு இருபதாண்டு மூத்தவரான விசுவநாததாஸ் இவ்வரிசையில் வைத்துப் பேசப்படுவது அரிது. அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அவருடைய கைதுகளிலிருந்து தொடங்குகின்றன. ஒருவர் பாட்டுக்காகக் கைது செய்யப்படுவதற்கு முன் அவருடைய பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடியிருக்க வேண்டும். அக்கூட்டம் எவ்வாறு கூடியது என்ற வினா அவ்வெழுத்துகளில் எழுப்பப்படுவதில்லை.

ஊரும் குலமும்

விசுவநாததாஸ் 1886 சூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். இன்று சிவகாசி என்றதும் நினைவுக்கு வரும் தீப்பெட்டியும் பட்டாசும் அன்று அவ்வூரில் இல்லை. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல்தான். பட்டாசு ஆலைகள் முறைப்படி எழுந்தது 1940-ஐ ஒட்டி. அது தாஸ் மறைந்த ஆண்டு. அவர் பிறந்தபோது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கிய, வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே அமைந்த வணிக ஊர். 1910-இல் இராமநாதபுர மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. பின்னாளில் மாவட்டத் தலைநகரான விருதுநகரும் 1923 வரை விருதுபட்டி என்றே வழங்கியது.

அவ்வூரின் அன்றைய பெரும் சிக்கல் கோயில் நுழைவு. சிவகாசி விசுவநாதசுவாமி கோயிலில் நுழைய நாடார்கள் உரிமை கோரினர்; பிற சாதியினர் எதிர்த்தனர்; கோயில் அடைக்கப்பட்டது. 1899 சூன் 6 அன்று பெருந்திரளானோர் ஊரைத் தாக்கினர். வரலாற்றில் சிவகாசிக் கொள்ளை எனப்படும் அந்நிகழ்வின்போது விசுவநாததாசுக்குப் பதின்மூன்று வயது நிறைவதற்குப் பத்து நாள்கள் இருந்தன. தெய்வத்தின் முன் யார் நிற்கலாம் என்ற கேள்வி உயிர்ப்பலி கொண்ட ஊரில் வளர்ந்த ஒருவர் பின்னாளில் தெய்வ வேடத்தால் புகழ்பெற்றார் என்பது அவருடைய வாழ்வை ஆராய்வோர் கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்று.

அவர் பிறந்தது மருத்துவர் குலத்தில். முடிதிருத்தும் தொழிலோடு நாட்டு மருத்துவம், மகப்பேறு பார்த்தல், மண வீட்டுச் சடங்கு, இறப்புச் சடங்கு ஆகியவையும் அக்குலத்தாருக்கு உரியவை. தென்மாவட்டங்களில் நாகசுரமும் தவிலும் வாசிக்கும் மங்கல இசைக் குடும்பங்கள் பலவும் இக்குலத்தைச் சேர்ந்தவை. ஆகவே இசை அவருக்குக் குலச்சூழலிலேயே நெருக்கமானது. சடங்கு நிறைவேற இக்குலத்தார் இன்றியமையாதவர். அதே சடங்கின் பந்தியில் சமமாக அமர உரிமையற்றவர். இந்த இரட்டை நிலை மேடையிலும் அவரைத் தொடர்ந்தது.

பின்னர் மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலம் அவருடைய வாழ்விடமாயிற்று. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த திருமங்கலத்திலிருந்து ஒரு நடிகர் வடக்கே மதுரைக்கும், தெற்கே விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி ஊர்களுக்கும் எளிதில் சென்றுவர இயலும். பாட்டுத் தொழில் செய்வோருக்கு இது சிறிய வசதியன்று.

குரல்

ஒலிபெருக்கி இல்லாத காலத்து மேடையில் குரலே முதல். திறந்த வெளிப் பந்தலின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு உயர்ந்த கட்டையில் விடியும்வரை பாட வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் உடன்வரும். தாளம் தவறினாலோ சுருதி இறங்கினாலோ கூட்டம் வெளிப்படையாகவே ஏளனம் செய்யும். இளம் நடிகர்களின் வாழ்வில் மகரக்கட்டு எனப்படும் குரல் உடையும் பருவம் பெரும் கண்டமாகக் கருதப்பட்டது. அதுவரை ஸ்திரீபார்ட்டில் மின்னிய சிறுவர்கள் பலர் அதன்பின் மேடையை விட்டே விலகினர். அதைக் கடந்து ராஜபார்ட்டுக்கு உயர்ந்தோர் சிலரே.

விசுவநாததாஸ் ராஜபார்ட் நடிகராகவே நிலைபெற்றார். வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்ததே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. நடிகர் என்பதைவிடப் பாடகர் என்றே மக்கள் அவரை அறிந்தனர். அக்கால மேடையில் இவ்விரண்டையும் பிரிப்பதும் கடினம். வசனம் பாட்டுக்கு வழிவிடும் பாலமாகவே நின்றது.

தனியாள் தொழில்

கம்பெனி நாடகத்துக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு தாஸின் வாழ்வைப் புரிந்துகொள்ளத் தேவையான திறவுகோல். பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த சிறுவன் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கி, வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சிப் பாடம் கற்றான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இம்முறையின் சிறந்த சான்று. காட்சித் திரை, உடை, அணிகலன், வண்டி என முதல் போட்டவர் முதலாளி. யார் யாரோடு நடிப்பது என்பதை முடிவு செய்பவரும் அவரே.

ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளி இல்லை. ஊர்த் திருவிழாவுக்கோ கொட்டகைக்கோ ஒருவர் நாடகம் பேசுவார்; ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பக்கவாத்தியம் ஆகியோரைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்வார். அவர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்று மாலை வந்துசேர்ந்து, ஒத்திகை இன்றி அன்றிரவே நடிப்பார்கள். சுவாமிகளின் நாடகப் பனுவல்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இது இயன்றது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரிலும் சித்திரைப் பொங்கலுக்குச் சிவகாசியிலும் கூடிய கூட்டத்தைப் போன்ற திருவிழாக் கூட்டங்களே இம்முறையின் பொருளியல் அடித்தளம்.

இம்முறையால் விளைந்தவை இரண்டு. பனுவல் இறுக்கமற்றிருந்ததால் நடிகர் தாம் விரும்பிய பாட்டை விரும்பிய இடத்தில் சேர்க்க முடிந்தது. அப்பாட்டால் வழக்கு வந்தால் பாதிக்கப்படுபவரும் அவர் ஒருவரே. நூறு பேருக்குச் சோறு போடும் கம்பெனி முதலாளி உரிமம் பறிபோகும் என்று அஞ்ச வேண்டும். தனியாளுக்கு அந்த அச்சம் இல்லை. சிறை உண்டு, அவ்வளவே.

தினைப்புனத்துப் பாட்டு

1919-இல் சாலியன்வாலா பாகில் நடந்த படுகொலைக்குப் பின் தமிழ் மேடையில் தேசியப் பாட்டுகள் பெருகின. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றியவற்றை மேடைப் பாடகர்கள் பரப்பினர். அவை மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களாகவும் விற்றன. சிலவற்றை அரசு பறிமுதல் செய்தது. விசுவநாததாஸ் கதர் உடுத்தி, இப்பாட்டுகளைப் பாடுவதையே மேடைப் பணியாக்கிக்கொண்டார்.

அவர் இதற்கு வள்ளி திருமணத்தைப் பயன்படுத்திய முறை நுட்பமானது. வள்ளி தினைப்புனம் காக்கிறாள். பறவைகள் கதிரைத் தின்ன வருகின்றன. வேடனாக வந்த முருகன் அவளோடு உரையாடுகிறான். இச்சூழலில் பறவையைப் பற்றிப் பாடுவது கதைக்கு முற்றிலும் இயல்பு. தாஸ் பாடிப் பரப்பிய பாட்டில் வந்தது வெள்ளைக் கொக்கு. எங்கிருந்தோ பறந்து வந்து பிறர் விளைவித்ததைக் கொத்திச் செல்லும் வெண்ணிறப் பறவை யாரைக் குறித்தது என்பதைப் பந்தலில் இருந்த எழுத்தறியாதவரும் உணர்ந்தார். அகப்பொருள் மரபின் உள்ளுறையை அறிந்தோர்க்கு இவ்வுத்தி புதிதன்று. கருப்பொருளைக் கூறி வேறொன்றை உணர்த்தும் பழைய நெறி இங்கே குறிஞ்சிக் களத்திலேயே அரசியலாகிறது. ஆசிரியர் கூற்றாக இப்பாட்டு மேடையேறியிருந்தால் வெறும் பிரசாரமாகியிருக்கும். தெய்வத்தின் வாய்மொழியாக வந்ததால் வேறு வலிமை பெற்றது.

வங்காள மேடையை அடக்கும் நோக்கில் இயற்றப்பட்ட 1876-ஆம் ஆண்டு நாடகத் தடைச் சட்டம், அரச நிந்தனைக்குரிய நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அச்சட்டம் நாடகத்தை ஒரு நிலைத்த பனுவலாகக் கருதியது. வள்ளி திருமணத்தின் பனுவலில் குற்றம் காண ஒன்றுமில்லை. முருகன் கதையைத் தடை செய்வதும் எளிதன்று. எனவே அதிகாரிகள் நடிகரைப் பிடித்தனர். தாஸ் 29 முறை கைதானார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மேடையேறிய காவலரிடம் பிடியாணை முருகனுக்கா தாசுக்கா என்று அவர் கேட்டு, வேடம் கலைத்த பின்னரே உடன்சென்றதாக ஒரு செய்தி நாடகக் கலைஞரிடையே வழங்கிவருகிறது. வேடம் தரித்தவரைத் தெய்வமாகவே பார்க்கும் கூட்டத்தின் முன் அக்கேள்விக்கு இருந்திருக்கக்கூடிய ஆற்றலை அச்செய்தி காட்டுகிறது.

இப்பகுதி மக்கள் யாவரும் காங்கிரசார் என்றும் கொள்ளுதல் கூடாது. விருதுநகர் வணிகரிடையே நீதிக்கட்சிக்குச் செல்வாக்கு மிகுதி. சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாம் மாகாண மாநாடு 1931-இல் அவ்வூரில்தான் நடந்தது. அதே ஊரின் இளைஞர் காமராசர் காங்கிரஸ் தொண்டராக வளர்ந்த காலமும் அதுவே. இத்தகைய ஊர்களின் திருவிழாக் கூட்டம் கட்சி பார்த்துக் கூடியதன்று; முருகனைக் காண வந்து கொக்குப் பாட்டையும் கேட்டுச் சென்றது. கட்சி மேடைகள் எட்டாத காதுகளை ஸ்பெஷல் நாடகம் எட்டியது இதனால்தான்.

உடன் நடிக்க மறுத்தல்

விசுவநாததாசின் குலத்தைக் காரணம் காட்டி அவரோடு இணைந்து நடிக்க ஸ்திரீபார்ட் நடிகைகள் சிலர் மறுத்தனர். இதைத் தனிமனிதர் சிலரின் சிறுமை என்று ஒதுக்கிவிடும் போக்கு எழுத்துகளில் காணப்படுகிறது. அது போதாது. வள்ளி திருமணம் இருவரின் தர்க்கத்தால் இரவு முழுவதும் நகரும் நாடகம். வள்ளி இன்றேல் முருகன் இல்லை. கம்பெனியில் இவ்வாறு மறுக்க எந்த நடிகைக்கும் வழியில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொருவரும் தனி ஒப்பந்தக்காரர் என்பதால் மறுப்பு எளிது. நாடகம் பேசுபவரும் வம்பு வேண்டாம் என்று வேறொரு ராஜபார்ட்டைத் தேடிச் செல்லலாம். பாட்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தாசுக்கு அளித்த அதே முறை, அவரைத் தேர்ந்துகொள்ளாதிருக்கும் உரிமையைப் பிறருக்கு அளித்தது.

மறுத்த நடிகைகளின் நிலையும் இரங்கத்தக்கதே. மேடையேறிய பெண்ணைச் சமூகம் இழிவாக நோக்கிய காலம் அது. சாதி வரம்பைக் காப்பதன்வழித் தம் மதிப்பைக் காக்க அவர்கள் முயன்றிருக்கலாம். ஆயினும் விளைவு ஒன்றே. பந்தலில் இருந்த ஆயிரம் பேர் கும்பிட்ட முருகனோடு மேடையில் நிற்க ஒரு வள்ளி மறுத்தாள். கும்பிட்டது வேடத்தை, மறுத்தது ஆளை. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யச் சமூகத்துக்கு எந்த இடர்ப்பாடும் இருக்கவில்லை. இத்தடைகளை மீறி அவருடன் நடிக்க முன்வந்த கலைஞர்களும் இருந்தமையாலேயே அவருடைய மேடை வாழ்வு தொடர்ந்தது.

இறுதி

1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தபின் தேசியப் பாட்டுக்கான நெருக்கடி சற்றுத் தளர்ந்தது. 1939-இல் போர் மூண்டு அமைச்சரவை விலகியதும் பழைய நிலை திரும்பியது. அதற்குள் பேசும் படம் வந்து பத்தாண்டு நெருங்கிவிட்டது. இளைய பாடக நடிகர்கள் பலர் திரைக்குச் சென்றுவிட்டனர். சிறைவாசங்களும் கைநழுவிய ஒப்பந்தங்களும் தாசைக் கடனில் ஆழ்த்தியிருந்தன.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. உடல்நலம் குன்றியிருந்த தாஸ் முருகனாக மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54. அவருடைய உடல் முருக வேடத்துடனேயே இறுதி ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டதாகக் கூறுவர். திருமங்கலத்தில் அவர் பெயரால் இன்று அரசு நினைவு இல்லம் உள்ளது. தென்மாவட்டத் திருவிழாப் பந்தல்களில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது.