ராணியைக் கொடுத்து வென்ற மீர் சுல்தான் கான்

ஓய்வு நேரத்தில் சதுரங்கப் பலகையை விரித்துக்கொண்டு உட்காருகிறீர்களே, உங்களுக்காகத்தான் இந்த வரலாறு. வேலை முடிந்து வந்த அப்பா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், மித்தா திவானா என்ற ஊரில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. சின்ன வயதில் தந்தையிடம் கற்றது நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி, ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்தும் ஐரோப்பிய வழக்கமும் கிடையாது.

நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து ஐரோப்பிய ஆட்டம் கற்க வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்றே பலரும் எழுதிவிட்டார்கள். குடும்பத்தார் அதை மறுத்திருக்கிறார்கள். 1929-இல் லண்டன் போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933-லும் அவரேதான்.

ஐரோப்பியர்கள் ஆட்டத் தொடக்கங்களைப் புத்தகம் பார்த்து மனப்பாடம் பண்ணி வருவாங்க. இவருக்கு அந்தப் பழக்கமில்லை. குளிர் வேறு ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி காய்ச்சல், தொண்டை வலி.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே கியூபாவின் கபாபிளாங்கா, முன்னாள் உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய். கபாபிளாங்கா ராணி இந்தியத் தற்காப்பைத் தொடங்கி, மந்திரியைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுக்கட்டங்களுக்குக் குறிவைத்தார். ஐந்தாம் நகர்வில் சுல்தான் கான் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். பார்த்தால் வீண் நகர்வு மாதிரி இருக்கும். ஆனால் கறுப்பின் இன்னொரு மந்திரி வந்து வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போட முடியாமல் போச்சு! இந்தச் சிப்பாய் நகர்வுக்குப் பிற்காலத்தில் உலக சாம்பியன் பெட்ரோசியானின் பெயர் வந்தது.

21-ஆம் நகர்வில் கறுப்பு யானை பாய்ந்து வந்து 'செக்' சொன்னது. அடுத்ததும் வந்தது. சுல்தான் கான் பதறவில்லை. ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளையும் வாங்கிக்கொண்டார். அவர் ராஜா கோட்டைக்குள் போகவே இல்லை, நடுப்பலகையிலேயே நின்றது. பிறகு யானைகளை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, 65 நகர்வுகளில் ஆட்டத்தை முடித்தார். கபாபிளாங்கா தோற்றார்!

அதே வீட்டில் இருந்த பாத்திமா என்ற பெண்ணும் 1933-இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் ஆனார்.

அந்த ஆண்டு முடிவில் சர் உமர் ஊர் திரும்ப, சுல்தான் கானும் திரும்பினார். அதன் பிறகு ஐரோப்பியப் போட்டிகள் இல்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டார். 1966-இல் சர்கோதாவில் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-இல். 58 வருஷம் கழித்து!