செங்கோட்டை கிட்டப்பா

நம்ம தென்காசிக்குப் பக்கத்துச் செங்கோட்டையில் 1906-ல் ஏழை வீட்டில் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. சின்ன வயசிலேயே நாடக மேடை. மைக் இல்லாத காலம். ஆனாலும் கொட்டகையின் கடைசி வரிசைவரை அந்தக் குரல் எட்டும். கிராமபோன்காரர்கள் அதைப் பிளேட்டில் பிடித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷந்தான்! விடியவிடியப் பாடுகிறவரை மூணு நிமிஷத்தில் அடைத்தால் எப்படி? ஆனாலும் டிக்கெட்டுக்குக் காசில்லாதவனும் தெருவில் நின்று கேட்டானே!

1927-ல் கே.பி. சுந்தராம்பாளைக் கைப்பிடித்தார். குடியும் வியாதியும் விடவில்லை. 1933 டிசம்பர் 2-ல், 27 வயசில் போய்விட்டார். அதே வருஷம் மே மாதந்தான் அமெரிக்காவில் கண்ட்ரி இசைத்தட்டுகளின் முன்னோடி ஜிம்மி ராட்ஜர்ஸும் காசநோயில் மறைந்தார்.

கிட்டப்பா பேசும்படத்தில் நடிக்கவில்லை, பிளேட்டுகள்தான் மிச்சம். சுந்தராம்பாள் 1980-ல் சாகும்வரை வெள்ளைப் புடவையே உடுத்தினார்.