தாய்மொழியைத் தேடிய எலா டெலோரியா அம்மையார்

இவ்வாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, நாவலர் பெருமானும் சுவாமி விபுலாநந்தரும் எம் நினைவில் முன்வந்து நின்றனர். அவ்விருவரைப் பற்றியும் எம்மினும் கற்றோர் ஆண்டுதோறும் எழுதி வருகின்றனர். ஆதலால் நாம் சற்றுத் தொலைவாகச் சென்று, அமெரிக்க தேசத்தின் ஆதிக்குடிகளிடையே பிறந்து, பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியையாகப் பணியாற்றி, பின்பு தம் மக்களின் மொழிக்கே பேரறிஞராக விளங்கிய ஓர் அம்மையாரின் சரித்திரத்தைச் சொல்லத் துணிந்தோம். அவர் எம் தேசத்தவர் அல்லர். எம் சமயத்தவரும் அல்லர். ஒரு கிறிஸ்தவ குருவானவரின் மகள். எனினும் அவர் வாழ்வு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரத்மலானையிலும் வாழும் எமக்கு ஏன் வேண்டியதென்பதை, இதனைப் படித்து முடிக்கும் அன்பர்கள் தாமே அறிவர்.

பிறப்பும் இளமையும்

எலா காரா டெலோரியா அம்மையார் 1889ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆந் திகதி, தென் டக்கோட்டாவிலுள்ள யாங்டன் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் பிறந்தார். ஒதுக்கீட்டு நிலம் என்பது, பரந்த சமவெளிகளை ஆண்ட அம்மக்களிடமிருந்து நிலத்தைப் பெற்றுக்கொண்ட அரசாங்கம், அவர்கள் அடங்கியிருப்பதற்கென எல்லை வகுத்துக் கொடுத்த பகுதியாகும். குழந்தைக்குப் பெற்றோர் தம் மொழியில் இட்ட பெயருக்கு அழகிய நாளின் பெண் என்பது பொருள்.

பெயர் அழகியதாயினும் அந்நாட்கள் அழகியவையல்ல. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன், 1890ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அம்மக்களின் பெருந்தலைவரான சிற்றிங் புல் ஸ்டாண்டிங் றொக் என்னும் ஒதுக்கீட்டு நிலத்திலே கொல்லப்பட்டார். அதே மாதம் 29ஆந் திகதி வூண்டட் நீ என்னுமிடத்தில் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி ஆதிக்குடிகள் பலர் படையினரால் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அந்த ஸ்டாண்டிங் றொக்கிலேதான் அம்மையாரின் தந்தையார் பிலிப் டெலோரியா குருப்பணி செய்தார். வக்பாலா என்னும் ஊரிலிருந்த புனித எலிசபெத் மிஷன் பாடசாலையில் அம்மையார் ஆரம்பக் கல்வி கற்றார். வீட்டிலே தாய்மொழி, பாடசாலையிலே ஆங்கிலம், தேவாலயத்திலே இரண்டும் என்றவாறு அவருடைய இளமை கழிந்தது. முதியோர் கூடிப் பழங்கதை சொல்லும்போது அருகிருந்து கேட்கும் வழக்கமும் அவருக்கு அக்காலத்திலேயே வாய்த்தது.

பின்பு சூ போல்ஸ் நகரில் ஓல் செயின்ற்ஸ் பாடசாலையிலும், ஒஹையோவில் ஓபர்லின் கல்லூரியிலும் கற்று, நியூ யோர்க்கிலே கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் 1915ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கே பயிலும் காலத்திலேயே, மானிடவியல் துறையின் பேராசான் எனப் போற்றப்பட்ட பிரான்ஸ் போவாஸ் அவர்களைச் சந்தித்தார். அப்பேராசிரியர் டக்கோட்டா மொழியை மாணவருக்கு எடுத்துக்காட்ட அதனை அறிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பணிக்கு அம்மையார் உதவினார். ஆயினும் பட்டம் பெற்றதும் ஊர் திரும்பித் தாம் கற்ற பாடசாலையிலேயே ஆசிரியையானார்.

விளையாட்டு முற்றத்தில்

1919ஆம் ஆண்டளவில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தினர், ஆதிக்குடிப் பெண்களிடையே சுகாதாரக் கல்வியைப் பரப்பும் பொறுப்பை அம்மையாரிடம் ஒப்படைத்தனர். 1923ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலத்து லோறன்ஸ் நகரிலிருந்த ஹஸ்கல் என்னும் அரசாங்க விடுதிப் பாடசாலையிலே, பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்பிக்கும் ஆசிரியையாகச் சேர்ந்தார்.

இவ்விடத்தில் அக்காலப் பெண்கள் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கூடைப்பந்தாட்டத்தை 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் அம்மையார் சிமித் கல்லூரிப் பெண்களுக்கு அதனைப் பயிற்றுவித்தார். சில ஆண்டுகளுள் அவ்வாட்டம் ஆதிக்குடிப் பிள்ளைகளின் விடுதிப் பாடசாலைகளையும் சென்றடைந்தது. மொன்ரானாவின் போட் ஷோ பாடசாலைப் பெண்கள், 1904ஆம் ஆண்டு சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின்போது எதிர்த்தாடியோரை வென்று வெற்றிக் கிண்ணம் பெற்றமை சரித்திரப் பிரசித்தமானது.

ஆனால் அவ்விடுதிப் பாடசாலைகளுக்கு மற்றுமொரு முகமும் இருந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கூந்தலைக் கத்தரித்து, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து, அவர்களை வேறு மக்களாக ஆக்கிவிட வேண்டுமென்பதே அரசாங்கத்தின் நோக்கமாயிருந்தது. அதாவது, கையிலே பந்தைக் கொடுத்த அதே பாடசாலை நாவிலிருந்து மொழியைப் பறித்தது. தம்மிடம் ஓடியாடிப் பயிலும் பெண்களின் உடல் உரம் பெறுகையில் அவர்தம் மொழி மெலிவதை அம்மையார் அருகிருந்து கண்டார். தாமோ ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்றிருந்தும் தாய்மொழியை இழவாதவர். அவர் பிற்காலத்து வாழ்க்கையை நோக்குமிடத்து, இந்த வேறுபாடு அவர் நெஞ்சை அறுத்திருக்குமென்றே நாம் எண்ணுகின்றோம்.

அறிவுப் பணி

1927ஆம் ஆண்டில் போவாஸ் பேராசிரியர் அம்மையாரை மீண்டும் கண்டுபிடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜோர்ஜ் புஷொற்றர் என்னும் லக்கோட்டா இளைஞர் எழுதி வைத்திருந்த ஏடுகளைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தார். விளையாட்டு முற்றத்திலிருந்து மொழிக் களஞ்சியத்துக்குச் செல்லும் வாயில் அன்று திறந்தது. அம்மையாருக்கு அப்போது வயது 38. இவ்வயதில் புதிய துறையொன்றிற் புகுவதா என்று அவர் தயங்கவில்லை.

அன்று தொடக்கம் அவர் ஒதுக்கீட்டு நிலங்கள்தோறும் மோட்டார் வண்டியிற் சென்று, முதியோர் வாயிலாகக் கதைகளையும் வழக்கங்களையும் சொற்களையும் கேட்டு எழுதினார். வெளியாரான ஆய்வாளர் பணத்தைக் கொடுத்துக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போய்விடுவர். அம்மையாரோ அம்மக்களுள் ஒருவர். முதியோர் வீட்டுக்கு வெறுங்கையோடு போதல் அவர்கள் மரபிற் பெருங்குறை. ஒவ்வொரு முறையும் இறைச்சியோ வேறு உணவோ கொண்டுபோதல் வேண்டும். உறவு சொல்லி அழைத்தல் வேண்டும். சேர்ந்து உண்டபின் பேச்சுத் தானாக வருமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். இவ்வாறு செய்யாவிடின் தாம் அந்நியருள் ஒருவராகிவிடுவார் என்பதை 1932ஆம் ஆண்டில் அவர் போவாசுக்கு எழுதிய கடிதமொன்றில் தெளிவாக எடுத்துரைத்தார்.

உறவுமுறையைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும் தமிழர் வியப்படைவர். டக்கோட்டா மக்களிடையே தந்தையின் சகோதரரும் தந்தையே; தாயின் சகோதரியும் தாயே; தாயின் சகோதரருக்கோ வேறு பெயர் உண்டு. பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா, மாமா என்று அழைத்து வளர்ந்த எமக்கு இது புதிதன்று. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்னும் அமெரிக்க அறிஞர் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே தமிழரின் உறவுமுறைக்கும் அமெரிக்க ஆதிக்குடிகளின் உறவுமுறைக்குமுள்ள ஒற்றுமையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். இன்னார் எனக்கு இன்ன முறை என்பதை அறிந்த பின்னரே பேச்சைத் தொடங்குதல், மாமியார் முன் மருமகன் ஒதுங்கி நிற்றல், மைத்துனருடன் கேலி பேசுதல் முதலிய வழக்கங்களும் அம்மக்களிடம் உள்ளன. உறவே அச்சமுதாயத்தின் அத்திவாரம் என்பது அம்மையார் கண்ட முடிபு.

1932ஆம் ஆண்டில் 64 கதைகளைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் கொண்ட அவருடைய டக்கோட்டாக் கதைத் தொகுதி வெளிவந்தது. 1941ஆம் ஆண்டில் போவாசும் அம்மையாரும் சேர்ந்து இயற்றிய டக்கோட்டா இலக்கணம் வெளியாயிற்று. 1944ஆம் ஆண்டில் தம் மக்களின் வாழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1943ஆம் ஆண்டில் ஆதிக்குடிகளுட் சிறந்த சாதனையாளருக்கென வழங்கப்படும் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ஆசிரியருக்கும் அஞ்சாத வாய்மை

அம்மையாரின் குணத்தை அறிவதற்கு ஒரு சம்பவம் போதுமானது. பைன் றிட்ஜ் என்னும் ஒதுக்கீட்டு நிலத்தில் முன்னாளில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் வோக்கர் என்பவர், லக்கோட்டா மக்களின் புராணக் கதைகளெனச் சிலவற்றை வெளியிட்டிருந்தார். அவை மக்களிடையே வழங்குகின்றனவா என்று விசாரித்து வருமாறு போவாஸ் பணித்தார். அம்மையார் முதியோர் பலரையும் நாடி விசாரித்து, அவற்றுட் பல எவருக்கும் தெரியாதவை என அறிந்து, அவ்வாறே எழுதினார். பேராசிரியருக்கு அவ்விடை திருப்தி அளிக்கவில்லை. மீண்டும் மீண்டும் தேடச் சொன்னார். அம்மையாருடைய சீவனமோ பேராசிரியர் ஒழுங்கு செய்யும் சிறு ஊதியத்திலேயே தங்கியிருந்தது. எனினும் ஆசிரியரை மகிழ்விப்பதற்காக இல்லாததை உண்டென்று அவர் சொல்லவில்லை. குருபக்தி வேறு, முகஸ்துதி வேறு என்பதை மாணவராகிய நாம் இச்சம்பவத்தால் உணர்தல் வேண்டும்.

வறுமையும் கடமையும்

இத்துணை உழைத்தும் அம்மையார் கலாநிதிப் பட்டம் பெறவில்லை. சர்வகலாசாலை எதிலும் நிரந்தரமான பேராசிரியப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. முதுமையடைந்த தந்தையாரை அவர் 1931ஆம் ஆண்டில் இறக்கும்வரை பேணினார். மேரி சல்லி என்ற பெயரில் ஓவியம் வரைந்த சகோதரி சூசனையும் தம்முடன் வைத்துப் பராமரித்தார். கையிற் பணமில்லாத காலங்களில் மோட்டார் வண்டியையே வீடாக்கி அதிலே தங்கியதுமுண்டு. படிப்பைத் தொடர்வதற்காகக் குடும்பத்தைக் கைவிட அவர் ஒருப்படவில்லை. உறவே அத்திவாரம் என்று எழுதியவர், எழுதியபடியே வாழ்ந்தார்.

1955ஆம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள், சிறுமியாக இருந்து தாம் எழுத்தறிந்த புனித எலிசபெத் பாடசாலைக்கே தலைவராயிருந்தார். 1960களில் தென் டக்கோட்டா சர்வகலாசாலையிலிருந்து தம் மொழிக்கு ஓர் அகராதி தொகுக்க முயன்றார். அது முற்றுப்பெறுமுன், 1971ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆந் திகதி, தமது 82ஆவது வயதில் காலமானார். 1940களில் அவர் எழுதிய வோட்டர்லில்லி என்னும் நாவல், பழைய டக்கோட்டாப் பெண்களின் வாழ்வைப் பெண்ணொருத்தியின் கண்ணால் காட்டுவது. அவர் மறைந்து 17 ஆண்டுகளின் பின், 1988ஆம் ஆண்டிலேயே அது அச்சேறியது. அவருடைய சகோதரர் மகனான வைன் டெலோரியா 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலினால் ஆதிக்குடிகளின் உரிமைக்குரலாக உலகெங்கும் அறியப்பட்டார். இன்று தம் தாய்மொழியை மீட்டுக் கற்க விரும்பும் டக்கோட்டா, லக்கோட்டா இளைஞர்கள் அம்மையாரின் ஏடுகளையே நாடுகின்றனர்.

எமக்குரிய பாடம்

எம் நாட்டிலும் இத்தகையோர் வாழ்ந்திருக்கின்றனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வட்டுக்கோட்டையில் மிஷனரிமாரிடம் ஆங்கிலம் கற்றவர். செல்லரித்த ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பிலே புனித மிக்கேல் கல்லூரியிற் கற்று விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை எமக்குத் தந்து மறைந்தார். அந்நியக் கல்வி இவர்களை வேரறுக்கவில்லை. வேரைத் தோண்டிப் பார்க்கும் கருவியாகவே அவர்களுக்கு உதவியது.

இதனை எழுதும் நாமும் மிஷன் பாடசாலையில் படித்தவர்களே. எமக்குப் பந்தையும் புத்தகத்தையும் தந்தவர்களிடம் நன்றி மறவோம். எம்மை அங்கே எவரும் தமிழ் பேசியதற்காகத் தண்டிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எவரும் தண்டியாமலே நாம் எத்தனையோ சொற்களை இழந்துவிட்டோம். எம் அம்மம்மா எம்மைத் தொட்டிலில் இட்டுப் பாடிய பாட்டில் இன்று எமக்கு இரண்டு அடிகளே நினைவிருக்கின்றன. எஞ்சியவற்றை எழுதி வைத்துக்கொள்ள அவர் உயிரோடிருந்த காலத்தில் எமக்கு நேரம் வாய்க்கவில்லை. டக்கோட்டாப் பிள்ளைகளிடமிருந்து மொழி பறிக்கப்பட்டது. நாமோ அதனைக் கைதவற விட்டோம். எது பெரிய குற்றமென்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

சங்கத்து இளைஞர்களே, கொழும்பிலே மாடி வீடுகளின் மூலையில் சாய்மனைக் கதிரைகளில் அமர்ந்திருக்கும் எம் பாட்டன் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தமிழிலே கேட்க, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலே விடை சொல்லும் வீடுகளை நாம் அறிவோம். டெலோரியா அம்மையார் நூறு மைல் வண்டியோட்டிச் சென்று பெற்ற செல்வம் எமக்கு அடுத்த அறையிலே இருக்கின்றது. ஓர் அப்பியாசக் கொப்பியும் பேனையும் போதும். வருகின்ற விடுமுறையில் அவர்கள் அருகே சென்று அமருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்; ஒரு சீப்பு வாழைப்பழமாயினும் கொண்டுபோங்கள். முறை சொல்லி அழையுங்கள். ஊரின் பெயர், குளத்தின் பெயர், வயலிற் புழங்கிய சொல், கோயிற் திருவிழாவின் ஒழுங்கு, தாலாட்டு, விடுகதை ஆகியவற்றை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

பெரியோர்களே, அவ்வாறு வந்து கேட்கும் பிள்ளையின் தமிழ் தட்டுத் தடுமாறினால் நகையாதீர்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். இருசாராரும் இதனைச் செய்வோமாயின், அடுத்த ஆண்டு மலரிலே அச்சிடுவதற்கு எமக்கு விடயப் பஞ்சம் இராது. தொலைதேசத்து அம்மையார் ஒருவரின் வாழ்வை நாம் படித்ததும் வீண்போகாது.