எந்த கேமரா வாங்கலாம்? 50 வருஷம் குடும்பத்தையே படம் எடுத்த ஒரு அப்பாவின் கதை!

திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில்ல உங்க குழந்தைக்கு மொட்டை போடப் போறீங்க. அம்பத்தூர் மாமா, ஆவடி அத்தை, பூந்தமல்லி சித்தப்பானு எல்லாரும் வர்றாங்க. 'போன் கேமராவே போதுமா, இல்ல இ.எம்.ஐ-ல ஒரு மிரர்லெஸ் வாங்கிடலாமா'னு ராத்திரியெல்லாம் ரிவ்யூ வீடியோ பார்க்கிறீங்களா? அதை அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு, இவரைத் தெரிஞ்சுக்கோங்க.

பெயர், உம்ராவ் சிங் ஷேர்கில். புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் அப்பா. 1870-ல் பஞ்சாபில், வசதியான மஜீத்தியா குடும்பத்தில் பிறந்தவர். சமஸ்கிருதம், பாரசீகம் படித்த அறிஞர். யோகாவிலும் ஆர்வம் அதிகம். கேமரா அவருக்குத் தொழில் கிடையாது, ஆசை. அந்த ஆசை 50 வருஷத்துக்கும் மேல குறையவே இல்லை.

அப்போ படம் எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. கண்ணாடித் தகட்டைக் கேமராவுக்குள் செருகணும், ஆடாம அசையாம உட்காரணும், அப்புறம் இருட்டறையில் கழுவி எடுக்கணும். நீங்க ஒரே நிமிஷத்துல 30 படம் தட்டுறீங்களே, அங்கே ஒரு படத்துக்கே அவ்வளவு பொறுமை வேணும்.

ஹங்கேரியைச் சேர்ந்த பாடகி மேரி ஆன்டனெட்டை லாகூரில் சந்தித்து, 1912-ல் கல்யாணம் செய்துகொண்டார் உம்ராவ். தம்பதி புடாபெஸ்ட் போனாங்க. 1913-ல் அம்ரிதா, 1914-ல் இந்திரா பிறந்தாங்க. அதே 1914-ல் முதல் உலகப் போர் வெடிக்க, உடனே இந்தியா திரும்ப முடியலை. 1921-ல்தான் ஊர் வந்து, சிம்லாவில் குடியேறினாங்க. 1929-ல் மகளின் ஓவியப் படிப்புக்காக பாரிஸ், 1934-ல் மறுபடி இந்தியா. ஊர் மாறிக்கிட்டே இருந்தது. அப்பாவின் கேமரா மட்டும் அதே நாலு பேரைச் சுத்தியே இருந்தது.

புதுசு வந்தா முயற்சி பண்ணிப் பார்க்கிற ஆளும்தான். சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களால் கலர் கொடுத்த 'ஆட்டோகுரோம்' தகடு 1907-ல் விற்பனைக்கு வந்தது. அதிலும் எடுத்தார். ஆழம் தெரிகிற ஸ்டீரியோ படங்களும் எடுத்தார். ஆனா, எந்தக் கருவி கைக்கு வந்தாலும் எதிரே இருந்தது பெரும்பாலும் மனைவி, மகள்கள், இல்லைன்னா அவரே. ஆமாங்க, தன்னையே விதவிதமா எடுத்துக்கிட்டார். நம்ம செல்ஃபிக்கெல்லாம் சீனியர்!

1941 டிசம்பரில் லாகூரில் அம்ரிதா திடீர்னு இறந்துபோனார். வயசு 28. 1948-ல் மனைவியும் போயிட்டாங்க. 1954-ல் உம்ராவ் மறைந்தார்.

அம்ரிதா வரைந்த ஓவியங்கள் இன்னிக்கு மியூசியத்தில் இருக்கு. ஆனா, அந்தப் பொண்ணு சின்ன வயசுல எப்படி இருந்தா, அம்மா, தங்கச்சியோட எப்படி உட்கார்ந்திருந்தா? அதையெல்லாம் நாம பார்க்க முடியுதுன்னா, அந்த அப்பா எடுத்து வெச்சதால்தான். 2001-ல் இந்திராவின் மகனும் கலைஞருமான விவான் சுந்தரம், தாத்தா எடுத்த அதே படங்களை கம்ப்யூட்டரில் இணைச்சு ஒரு புதிய படத்தொகுப்பே உருவாக்கினார். ஒரு வீட்டு ஆல்பம் மூணு தலைமுறை தாண்டி வந்தது இப்படித்தான்.

சரி, உங்க கேள்விக்கு வருவோம். கோயில் மண்டபத்துல வெளிச்சம் கம்மி, குழந்தை ஒரு இடத்துல நிற்காது. இதுக்கு நல்ல லென்ஸோட ஒரு கேமரா நிச்சயம் உதவும். பட்ஜெட் இருந்தா வாங்குங்க. ஆனா, வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க. பையைத் தூக்கிக்கிட்டு சாதாரண நாள்லயும் அதை எடுப்பீங்களா? அம்மாவுக்கும் அதுல ஒரு கிளிக் பண்ணத் தெரியுமா? எடுத்த படத்தை பிரின்ட் போட்டோ, ரெண்டு இடத்துல காப்பி எடுத்தோ வைப்பீங்களா? மூணுக்கும் 'இல்லை'ன்னா, கையில இருக்கிற போனே போதும்.

இன்னொண்ணு. எப்பவும் படம் எடுக்கிறவங்க மட்டும் எந்தப் படத்துலயும் இருக்க மாட்டாங்க. மொட்டை போடுற அன்னிக்கு டைமரை ஆன் பண்ணிட்டு ஓடி வந்து நீங்களும் நில்லுங்க. உங்க பிள்ளை நாளைக்குத் தேடப்போறது உங்க முகத்தையும்தானே!