காப்டன் ஸ்லோகமும் அவர்தம் பாய்மரமும்

பழுதுற்ற சிறு கலமொன்றைப் புதுப்பிக்கப் புகுவோர், அதன் உடலைச் செப்பனிட்டு முடித்த பின்னரே பெரியதோர் ஐயத்தை எதிர்கொள்வர். பாய்மரம் ஒன்றோ, இரண்டோ? அதன் உயரம் எத்துணை? பாயை ஒரே விரிவாக வைப்பதோ, கூறுகளாகப் பகுப்பதோ? முற்காலத்து மரக்கலமாயினும் இக்காலத்து எஃகுக்கலமாயினும் இவ்வினா ஒன்றே. இதற்குத் தம் இரு கைகளால் விடை கண்ட ஒருவரின் சரிதத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். தனியொருவராய்ப் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்தவருள் முதல்வராகிய காப்டன் ஜோஷுவா ஸ்லோகமே அவர்.

இவர் 1844-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 20-ந் தேதி கனடாவைச் சார்ந்த நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். இளமையிலேயே கடலுக்கு ஓடி, படிப்படியாய் உயர்ந்து, அமெரிக்கக் குடிமகனாகிப் பெருங்கப்பல்களுக்குத் தலைவரானார். மனைவியார் வர்ஜீனியா அம்மையார் கணவருடன் கப்பலிலேயே இல்லறம் நடத்தி, 1884-ல் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் காலமானார். அத்துயரத்தின் பின் ஸ்லோகமின் செல்வமும் சரியலாயிற்று. 1887-ன் இறுதியில் அவரது அக்விட்னெக் என்னும் கப்பல் பிரேஸில் நாட்டுக் கரையில் தரைதட்டி அழிந்தது.

அவ்விடத்தே அவர் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. உடைந்த கப்பலின் பொருள்களையும் அந்நாட்டு மரங்களையும் கொண்டு 35 அடி நீளமுள்ள படகொன்றைக் கட்டி, அதற்குச் சீனரது சம்பான் படகின் பாய்முறையை அமைத்தார். குறுக்குச் சட்டங்கள் கோத்த அப்பாய், கயிற்றைத் தளர்த்திய மாத்திரத்தில் விசிறிபோல் மடிந்து இறங்கும். சிறு படகுகளுக்கு அதனினும் வசதியான முறை உலகில் இல்லையென்பது அவர் கருத்து. பிரேஸிலில் அடிமைகள் விடுதலை பெற்ற 1888-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதியன்றே அது நீரில் இறங்கியமையின், விடுதலை எனப் பொருள்படும் லிபர்டாடே என்னும் பெயரையும் பெற்றது. இரண்டாம் மனைவியுடனும் மைந்தர் இருவருடனும் ஏறக்குறைய 5,500 மைல் அதிற் கடந்து தாயகம் சேர்ந்தார்.

நீராவிக் கப்பல்கள் பெருகிவந்த அக்காலத்தில் பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை அரிதாயிற்று. அந்நிலையில் நண்பர் ஒருவர், மாஸச்சூஸெட்ஸ் நாட்டு பேர்ஹேவனில் புல்வெளியொன்றிற் கிடந்த ஸ்ப்ரே என்னும் பழம்படகை அவருக்கு ஈந்தார். அருகே நின்ற ஓக் மரத்தை வெட்டிப் புதிய ஏரா அமைத்து, விலா எலும்பும் பலகையும் ஒவ்வொன்றாய் மாற்றிக் கலப்பத்தும் அடித்து முடிக்கப் பதின்மூன்று மாதங்கள் சென்றன. செலவு 553 டாலர் 62 சென்ட். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். நியூ ஹாம்ப்ஷயர் ஸ்புரூஸ் மரத்தால் ஒற்றைப் பாய்மரம் நாட்டி, ஸ்லூப் எனப்படும் முறையில் பெரும்பாய் ஒன்றும் முன்பாயும் பூட்டினார். தாம் புகழ்ந்த சீனப் பாயை இதற்கு ஏன் பூட்டவில்லை என வாசகர் வினவலாம். அகன்ற அப்பழங்கலத்தின் வடிவுக்கு அதன் மரபான பாயே ஏற்றதென எண்ணினார் போலும் என்பது நமது ஊகம்.

1895-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி பாஸ்டனை விட்டுப் புறப்பட்டார். ஜிப்ரால்டருக்கு அப்பால் கடற்கொள்ளையர் துரத்துகையில் புயலடித்து, பெரும்பாயின் அடியைத் தாங்கும் பருமல் முறிந்தது. ஒருவரே நெடும்பருமலை ஆளுதல் எத்துணை அரிது என்பதைக் கடலே கற்பித்தது. பெர்னாம்புகோவில் முறிந்த துண்டை நீக்கி எஞ்சியதையே மீண்டும் பொருத்தினார். ரியோ டி ஜெனிரோவில், பட்டகோனியாவின் கொந்தளிப்பை எண்ணி, பின்னணியத்தில் சிறு பாய்மரம் ஒன்றைத் தாங்குதற்கு அரைவட்டச் சட்டம் பொருத்தினார். மனைவியார் துயிலும் புவெனஸ் அயர்ஸிலோ, பாய்மரத்தை 7 அடியும் அணியத்தினின்று முன்னே நீளும் மரத்தை ஏறத்தாழ 5 அடியும் குறைத்தார். பின்னர் அலையின் மேல் அதன் நுனியில் தொங்கி முன்பாயைச் சுருக்கும் போதெல்லாம், இன்னும் ஓரடி வெட்டியிருக்கலாகாதா என்று வருந்தினாராம்!

1896 மார்ச்சில் மாகெல்லன் ஜலசந்தியைக் கடந்து பசிபிக்கில் நுழைந்ததும், சூறாவளி அவரைத் தெற்கே ஹார்ன் முனைப் பக்கமாகத் துரத்தி, பெரும்பாயைக் கந்தலாக்கியது. பாறைகளிடை நுரைத்த அலைகளூடே ஓரிரவு தப்பி, மீண்டும் ஜலசந்திக்குள் புகுந்தார். அங்கு ஆங்கோஸ்டோ துறையிற்றான் பின்பாய் ஏறியது. ஸ்ப்ரே யால் என்னும் இனமாயிற்று. அவரோ அதனைத் தற்காலிக ஏற்பாடாகவே கருதி, தம் கலத்தை ஸ்லூப் என்றே அழைத்துவந்தார்.

சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தானே நேர்வழி செல்லும். 1897-ல் தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 2,700 மைல் தூரத்தை 23 நாட்களிற் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை. இப்பெருமை பின்பாயால் வந்ததென எண்ணுவோர் உளர், அது பொருந்தாது. பின்காற்று வீசும்போது அப்பாய் எப்பொழுதும் சுருட்டப்பட்டே இருந்தது. கனத்த பெரும்பாயின் அளவைக் குறைத்ததும், காற்றை எதிர்த்துச் செல்கையில் சிறிது உதவியதுமே அதனாலாய பயன் என்று ஸ்லோகமே தம் நூலில் கூறியுள்ளார். மெய்யான காரணம் நீண்ட ஏராவும், காற்றின் உந்துதலும் நீரின் தடையும் ஒத்து நின்ற சமநிலையுமேயாம். முன்பாயை நடுவே இறுக்கிக் கட்டுவார். கலம் காற்றை நோக்கித் திரும்பினால், அப்பாய் காற்றை ஏற்று அணியத்தை மீளத் தள்ளிவிடும்.

சமோவாவில் ஸ்டீவன்ஸன் என்னும் ஆசிரியரின் மனைவியார் தந்த மூங்கிலையும் வீணாக்காது, முன்னே நீட்டி மற்றொரு சிறு பாய் கட்டினார். தாயகத்தை நெருங்குகையில் முன்பாயைத் தாங்கும் கயிறு பாய்மர உச்சியில் அறுந்தது. தாமே மேலேறிச் செப்பனிட்டார். மொத்தம் 46,000 மைல் கடந்து, 1898-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி நியூபோர்ட்டில் நங்கூரமிட்டார். 1900-ல் அவர் நூல் வெளியாயிற்று. அதைக் கற்றோர் பலர் பின்னாளில் மரத்திலும் எஃகிலும் ஸ்ப்ரேயின் படிகளைக் கட்டி, தத்தமக்கு உகந்த பாய்களைப் பூட்டினர்.

1909 நவம்பரில், அறுபத்தைந்தாம் பிராயத்தில், ஸ்லோகம் மார்த்தாஸ் வினியர்ட் தீவிலிருந்து ஸ்ப்ரேயில் தனியே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அவரையோ அக்கலத்தையோ பின்னர் எவரும் கண்டிலர். 1924-ல் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.