கோணல் காலால் உலகை வென்றவன்!

கால்பந்து என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பெலேதான். அதே பிரேசில் அணியில், அதே காலத்தில், அவரோடு சேர்ந்து ஆடிய இன்னொரு மாவீரன் இருந்தார். அவர்தான் கரிஞ்சா.

1933 அக்டோபர் 28-ல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில், பாவ் கிராண்டே என்ற மில் ஊரில் பிறந்தார். கரிஞ்சா என்பது ஒரு சின்னக் குருவியின் பெயர். வீட்டில் வைத்த அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு காலும் ஒரே பக்கமாக வளைவு. அதிலும் ஒரு கால் குட்டை! சின்ன வயசிலேயே துணி மில்லில் வேலை. இந்தக் காலை வைத்துக்கொண்டு பந்து ஆடுவானா என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

1953-ல் பொட்டாஃபோகோ கிளப்பில் சேர்ந்தார். வலது ஓரத்தில் அவர் காலுக்குப் பந்து வந்தா போதும். எந்தப் பக்கம் போவார் என்று எதிராளிக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் பிடிக்க முடியாது!

1958 ஸ்வீடன் உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. மூன்றாவதில்தான் பெலேயும் அவரும் ஒன்றாக இறங்கினார்கள். பிரேசில் கோப்பையை வென்றது. 1962-ல் சிலியில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். அணியைத் தோளில் சுமந்தவர் கரிஞ்சா! காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக 2 கோல். கோப்பை மறுபடியும் பிரேசிலுக்கே!

கணக்குப் பார்த்தால் பெலேதான் ராஜா. நாட்டுக்காக 92 ஆட்டத்தில் 77 கோல். கரிஞ்சாவுக்கு 50 ஆட்டத்தில் 12தான். ஆனால் இருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே கிடையாது. பெலேயைப் பார்த்து ஜனங்கள் வியந்தார்கள். கரிஞ்சாவைப் பார்த்துச் சிரித்து மகிழ்ந்தார்கள். மக்களின் மகிழ்ச்சி என்றே அவருக்குப் பட்டம்!

பெலேவும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஷூ பாலீஷ் போட்டவர், 1995-ல் விளையாட்டு அமைச்சரே ஆனார். கரிஞ்சாவோ முழங்கால் வலியாலும் குடியாலும் சீரழிந்து, 1983 ஜனவரி 20-ல் 49 வயதில் இறந்தார். அவர் உடலை மரக்கானா மைதானத்தில் வைத்தபோது ஜனம் திரண்டு வந்து அழுதது. அந்த அன்பில் பாதியாவது உயிரோடு இருந்தபோது அவரைத் தாங்கியிருக்கக் கூடாதா?

கிளப் நீட்டிய வெற்று ஒப்பந்தத்தில், தொகையைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் கைநாட்டு. எந்தக் காகிதம் வந்தாலும் இப்போது என்னிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொல்வார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்.

நண்பர்களே! நாளைக்கு நாமும் வேலைக்குப் போவோம். கைத்தொழில் எவ்வளவு தெரிந்திருந்தாலும், நீட்டுகிற காகிதத்தை வாசித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுவோம். வாசிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நின்றால், அவருக்கும் வாசித்துச் சொல்வோம்!