ஓலே எவின்ரூட்

ஆற்றையும் ஏரியையும் கடக்கச் சிறுபடகினர்க்கு நெடுங்காலம் துணைநின்றவை தோள்வலியும் துடுப்பும் பாயுமேயாம். இன்றோ, படகின் பின்புறத்தே மாட்டிக்கொள்ளும் அவுட்போர்ட் மோட்டார் என்னும் சிறு யந்திரம் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. தரையில் வண்டி நின்றுபோயின் இறங்கி நடக்கலாம். கரை தெரியா நீரில் யந்திரம் நின்றுபோயின் நடப்பதெங்கே? ஆதலின் படகு யந்திரத்திற்கு வேகத்தினும் கைவிடாத் தன்மையே தலையாய குணமாம். அக்குணத்தை நாடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓலே எவின்ரூட் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

எவின்ரூட் 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாயிருந்தபொழுதே பெற்றோர் அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாகாணத்தில் ரிப்ளி என்னும் ஏரியை அடுத்துப் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தனர். அவர் பெற்ற பள்ளிக் கல்வி மிகச் சிறிது. ஆயினும் கருவிகளைக் கண்டவிடத்தெல்லாம் அவர் மனம் அவற்றில் ஒன்றிவிடும். பதினைந்து வயதளவில் தம் கையாலேயே ஒரு பாய்ப்படகு கட்டினார் என்பர். பதினாறாம் வயதில் வீடு நீங்கி மாடிசன் நகரத்து யந்திரத் தொழிற்சாலையொன்றில் வேலை பயிலச் சேர்ந்தார். பின்னர் பிட்ஸ்பர்க், சிக்காகோ ஆகிய நகரங்களில் உழைத்து, 1900ஆம் ஆண்டளவில் மில்வாக்கி நகரை அடைந்தார். அங்கு அவர் செய்த தொழில், உருக்கிய உலோகத்தை வார்ப்பதற்குரிய மரமாதிரிகளைச் செய்வதாம். பகலெல்லாம் உழைத்து இரவில் யந்திர நூல்களைப் பயின்ற அவர்க்குத் தொழிற்சாலையே கலாசாலையாயிற்று.

மில்வாக்கியில் அவர் பெஸ் கேரி என்னும் நங்கையை அறிந்தார். கடிதம் எழுதுதலிலும் கணக்கிலும் வல்லவரான அவ்வம்மையார் தொழிலில் அவர்க்கு உறுதுணையாயினர். 1906ஆம் ஆண்டு இருவரும் மணம்புரிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் ஒருநாள் நண்பருடன் ஓகாச்சி ஏரிக்கு அவர்கள் சென்றிருந்தபொழுது, பெஸ் அம்மையார் ஐஸ்கிரீம் உண்ண விரும்பினாராம். எவின்ரூட் வெயிலில் துடுப்புத் தள்ளி அக்கரை சென்று வாங்கித் திரும்புவதற்குள் அஃது உருகிவிட்டதாம். அன்று வலித்த தோளே இப்புதுமைக்கு வித்திட்டது என்று சொல்வர்.

படகிற் பூட்டும் இத்தகைய யந்திரத்தை முதன்முதல் எண்ணியவர் அவரே என்று கூறுதல் பொருந்தாது. டெட்ராய்ட் நகரத்துக் கேமரூன் வாட்டர்மன் போன்றோர் அவர்க்குச் சற்று முன்னரே அம்முயற்சியில் இறங்கியிருந்தனர். எவின்ரூட்டின் சிறப்பு யாதெனில், உறுப்புகளைச் செவ்வனே ஒழுங்குபடுத்தியதாம். எரிபொருள் வெடிக்கும் உருளையைக் கிடையாக வைத்தார். சுழலும் தண்டினைச் செங்குத்தாக நிறுத்தினார். கீழே நீருக்குள் பற்சக்கரங்களால் அச்சுழற்சியைத் திருப்பி விசிறிக்கு ஊட்டினார். சுழல்தண்டு நேரே நீருக்குள் இறங்கும் இவ்வமைப்பே இன்றளவும் வழங்குகின்றது.

முதல் யந்திரத்தைக் கண்ட பெஸ் அம்மையார், காப்பிக்கொட்டை அரைக்கும் கருவிக்கு அதனை ஒப்பிட்டு நகைத்தனராம். 1909ஆம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. இரும்பும் பித்தளையும் கொண்ட அதன் எடை 62 ராத்தல். வலிமையோ ஒன்றரைக் குதிரைச்சக்தி. துடுப்பை எறிந்துவிடுமாறு மக்களை அழைக்கும் விளம்பரத்தை அம்மையாரே எழுதினார். கணவர் பட்டறையிலும் மனைவியார் எழுதுமேசையிலுமாக இரவும் பகலும் உழைக்க, தொழில் வளர்ந்தது. இச்சரிதத்தின் புகழில் செம்பாதி அவ்வம்மையார்க்கே உரியது என்பது எம் கருத்து.

அவ்வுழைப்பே அம்மையாரின் உடல்நலத்தைக் குலைத்தது. எவின்ரூட் தயங்கினாரல்லர். 1914ஆம் ஆண்டு தம் பங்கினைக் கூட்டாளியாகிய கிறிஸ் மேயருக்கு விற்றுவிட்டு, ஐந்தாண்டுகள் அத்தொழிலில் போட்டியிடுவதில்லை என்னும் உடன்படிக்கைக்கும் இசைந்து, மனைவியுடனும் மகனுடனும் ஊர்கள் பல சுற்றி வாழ்ந்தார். தம் பெயர் தாங்கிய தொழிற்சாலை பிறர்கையில் ஓட, தாம் வாளாவிருத்தல் எத்துணை அரிய செயல்!

வாளாவிருந்தாரெனினும் அவர் சிந்தை வாளாவிருக்கவில்லை. தம் யந்திரத்தின் பெருங்குறை அதன் பாரமே என்பதை உணர்ந்து, அலுமினியத்தைப் பெரிதும் பயன்படுத்தி, இரண்டு உருளைகள் கொண்ட புதியதொன்றை அமைத்தார். வலிமை முன்னையதினும் மிக்கது. எடையோ 50 ராத்தலுக்கும் குறைவு. அதனை மேயரிடமே முதலிற் காட்டினார், அவர் ஏற்றிலர். ஆகவே 1921ஆம் ஆண்டு எல்டோ என்னும் பெயரால் அஃது எவின்ரூட் தம்பதியரின் சொந்த முயற்சியாக வெளிவந்தது. புறக்கணிக்கப்பட்ட யந்திரம் சின்னாட்களில் பழையதை வென்றது. 1929ஆம் ஆண்டு பழைய கம்பெனியும் புதியதும் ஒன்றாயிணைய, எவின்ரூட் தம் பெயருடைய தொழிலுக்கே மீண்டும் தலைவரானார். 1933ஆம் ஆண்டு பெஸ் அம்மையார் காலமானார். மறு ஆண்டு, 1934ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் ஐம்பத்தேழாம் வயதில் எவின்ரூட்டும் மறைந்தார்.

அவர் செய்தவை இருவீச்சு யந்திரங்கள். பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் அவற்றின் வேலை முடிந்துவிடும். ஆதலின் உறுப்புகள் சில, பாரமும் குறைவு. ஆயின் பழைய இருவீச்சு யந்திரங்களில் மசகெண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்தே எரித்தல் வேண்டும். எரியாத எரிபொருளில் ஒரு பகுதியும் புகையோடு வெளியேறிவிடும். அதனால் செலவும் மிகுதி, நீரும் மாசுறும். 1876ஆம் ஆண்டு ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஆட்டோ உருவாக்கிய நால்வீச்சு முறையிலோ, உறிஞ்சல், அழுத்தல், வெடித்தல், வெளியேற்றல் என்னும் நான்கும் தனித்தனி வீச்சுகளில் நிகழ்கின்றன. மசகெண்ணெய் தனியிடத்தே நின்று உறுப்புகளைக் காக்கின்றது. எரிபொருள் சிக்கனம், ஓசைக் குறைவு, மெதுவாகச் செல்லும்போதும் நின்றுவிடாமை ஆகியவை அதன் நலன்கள். பாரமும் விலையும் மிகுதலும், எண்ணெயைக் காலந்தவறாது மாற்றவேண்டுதலும் அதன் குறைகள். ஜப்பானிய ஹோண்டா கம்பெனி 1964ஆம் ஆண்டிலேயே நால்வீச்சுப் படகு யந்திரத்தை வெளியிட்டது. இந்நாளில் வளர்ந்த நாடுகளில் பெரும்பாலும் இவ்வகையே விற்பனையாகின்றது. எவின்ரூட் பெயர் தாங்கிய யந்திரங்களின் உற்பத்தியோ 2020ஆம் ஆண்டில் நின்றுவிட்டது.

எனின், அவர் உழைப்பு வீணாயிற்றோ? அன்று. பாரம் மிக்க நால்வீச்சு யந்திரம் சிறுபடகில் அமர இடம்பெற்றது, அவர் வகுத்த செங்குத்தமைப்பாலும் அவர் துணிந்து கையாண்ட அலுமினியத்தாலுமன்றோ! பெயர் மறையினும் முறை நிலைத்தது. தம் படைப்பை மனைவியின் நலனுக்காக ஒருமுறை கைவிட்ட அப்பெரியார், நீர்மேற் செல்வாரைக் கைவிடாத யந்திரத்திற்கு வழிவகுத்துச் சென்றார். கலாசாலைப் படிப்பு முடிந்து வாழ்க்கை நீரில் இறங்கவிருக்கும் மாணவராகிய நாம், வேகத்தை நாடுமுன் கைவிடாமையை நாடக் கற்போமாக.